ஒற்றைத் தும்மல்

ஏனுங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் மூடிக்கொள்ளலாமா? காற்று வேண்டாம் என்று இல்லை. ரோட்டோரம் பாருங்கள், வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நிற்கிறதே, பார்த்தீனியம். எங்கள் பக்கம் விஷச்செடி என்பார்கள். அதன் மகரந்தம் எனக்கு ஆகாது. ஐப்பசி பிறந்தால் ஆரம்பிக்கும், தை வரை விடாது. பாதி மூடினால் போதும்.

ஓ, காற்று இல்லாவிட்டால் உங்களுக்குக் குமட்டுமா? சரி, திறந்தே இருக்கட்டும். வாந்தி என்று வந்துவிட்டால் அதற்கு மேல் நான் வாதம் பண்ணமாட்டேன். மற்றபடி எல்லாவற்றுக்கும் பண்ணுவேன். மேடையில் பேசுகிற மாதிரிப் பேசுகிறேன் என்று சிரிக்காதீர்கள், பல்கலைக்கழகப் பேச்சு அணியில் ஐந்து வருஷம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் இதே தமிழ்தான் வருகிறது.

நான் குண்டடம் போகிறேன். அக்கா வீடு. நீங்கள் தாராபுரமா? நல்லது.

இதுவா? மருந்து என்று சொல்ல முடியாது. குவர்செட்டின். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், செடிகள் தமக்காகச் செய்துவைத்துக்கொள்கிற ஒரு சங்கதி. ஃபிளேவனாய்டு என்று ஒரு குடும்பம், அதில் இது ஒருத்தி. வெங்காயத் தோலில் நிறைய இருக்கிறது, ஆப்பிள் தோலில் இருக்கிறது, முருங்கைக் கீரையில்கூட இருக்கிறது. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் வெங்காய மாத்திரை. "வெங்காய மாத்திரை முழுங்கிட்டியா, இல்ல ஒரு படி வெங்காயம் உரிச்சுத் தரட்டுமா" என்று அம்மா கேட்பார். உடம்புக்குள் சில செல்கள் இருக்கின்றன, மகரந்தம் பட்டால் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். அதுதான் தும்மல், கண்ணரிப்பு எல்லாம். இது அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவைக்கும் என்கிறார்கள். சோதனைக்குழாயில் நன்றாகச் சாத்துகிறது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சின்னச் சின்னவை. அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நீங்கள் சாப்பிடலாமா என்றால்... பிரஷர் மாத்திரை எடுக்கிறீர்களா? அப்படியானால் டாக்டரைக் கேளுங்கள். டப்பாவிலேயே போட்டிருக்கிறது.

டாக்டர் கொடுக்கிற அலர்ஜி மாத்திரை எனக்கும் உண்டு. போட்டால் தும்மல் நிற்கும், நானும் நின்றுவிடுவேன். நாளெல்லாம் தூக்கம். எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறவள், செடியைப் பார்த்துக்கொண்டே தூங்கினால் எப்படி? போடாவிட்டால் அதைவிட மோசம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரு போட்டி. சகுனம் பார்ப்பது மடமை என்று பேச வேண்டும். மேடை ஏறி, "நடுவர் அவர்களே" என்றேன். அவ்வளவுதான். பதினொரு தும்மல். தும்மினால் நூறு வயசு என்று சொல்வோம் இல்லையா? பின் வரிசையிலிருந்து ஒருத்தன் எண்ணிக்கொண்டே வந்து, "ஆயிரத்து நூறு வயசு!" என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. கீழே வந்து உட்கார்ந்தேன். அப்போதே முடிவு பண்ணினேன், ஆனால் போன வருஷம் ஐப்பசியில்தான் இதை ஆரம்பித்தேன். காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. நோட்டுப் போட்டு எழுதினேன். முதல் வாரம் காலையில் எழுந்ததும் முப்பது, முப்பத்திரண்டு. ஆறாவது வாரம் நான்கு. நீங்கள் நம்ப வேண்டாம், நோட்டு இருக்கிறது.

மழை குறைந்ததாலும் இருக்கலாம், ஆமாம். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்குத்தான் கொண்டுபோகிறேன். இந்தப் பையில் இரண்டு டப்பா. அவளுக்கும் இந்த வருஷம் ஆரம்பித்துவிட்டதாம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தும்மி நான் பார்த்ததே இல்லை.

கோகிலவாணி. எங்களுக்கு வாணி. திருப்பூரில் ஒரு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்தாள். இருந்தாள் என்றால், இப்போது இல்லை. ரத்தப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து இது சரி, இது சரியில்லை என்று சொல்லிவிடுவாள். போன வருஷம் புரட்டாசியில்தான் அவளைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அதே மாதம் இந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நவநீதன், தப்பில்லாத ஆள். அவர் வீட்டில் எல்லாம் அவருடைய பெரியப்பா வைத்ததுதான் சட்டம். சென்னியப்பன் என்று பேர். அவர் முதல்நாளே சொல்லிவிட்டார்: "வேலைக்கெல்லாம் போக வேண்டியதில்லீங்க. எங்கூட்டுல பத்து உருப்படி மாடு கெடக்குது, அதைப் பாத்தாவே பொழுது போயிரும்."

அப்பா தலையாட்டிவிட்டார். பால் சொசைட்டி செயலாளர், சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரெல்லாம் பெயர். அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அப்பா சொன்னார்: "கண்ணு, எனக்கும் மனசு கேக்கலைதான். ஆனா வாக்குக் குடுத்தாச்சு. நாமளா போயி வேண்டாம்னு சொல்ல முடியாது. அவங்களா வேண்டாம்னா அது வேற." இதற்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? நான் அப்போது ஹாஸ்டலில். போனில்தான் கேட்டேன். "இது என்ன தர்க்கம்?" என்று அக்காவிடம் கத்தினேன். அக்காவிடம்தான்.

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். பரவாயில்லை.

கார்த்திகையில் நிச்சயம் வைத்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் சூலூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். பின்கட்டில் அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து தோலைக் காட்டி நான் குவர்செட்டினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொன்னதைவிட நீளமாக. நடுவில் அவள் கேட்டாள்:

"மிருது, இப்பக் காலையில எத்தனை தும்மற?"

"நாலு. முன்ன முப்பது."

"எனக்கு ஒண்ணு குடு."

"கேப்சூலா?"

"தும்மல்டி."

எனக்குப் புரியவில்லை. அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். பெரியப்பா சென்னியப்பன் சகுனம் பார்க்கிறவர். அதற்கு முந்தின வருஷம் மூலனூரில் நவநீதனுக்கு வேறொரு பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். வாசப்படியில் கால் வைக்கும்போது உள்ளே யாரோ ஒற்றைத் தும்மல் தும்மியிருக்கிறார்கள். காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டாராம். "அவங்களா வேண்டாம்னா அது வேற" என்று அப்பா சொன்னாரே, அந்த வழி இது ஒன்றுதான். தட்டு மாற்றும்போது ஒரு தும்மல். ஒன்றே ஒன்று.

"நீதான் ஐப்பசி வந்தா தும்மறவ. உம்மேல யாரும் சந்தேகப்படமாட்டாங்க. அப்பாவுக்கும் வாக்கு போகாது."

நான் என்ன செய்தேன்? வாதம் பண்ணினேன். அரை மணி நேரம். எட்டாம் வகுப்பிலிருந்து சகுனத்துக்கு எதிராகப் பேசுகிறவள் நான். வெளியே கிளம்பும்போது, கணவனை இழந்த பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்தாலே திரும்பி உள்ளே வருகிற எங்கள் சித்தப்பாவிடம் சண்டை போட்டு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவள். அந்த மடமையை நானே கையில் எடுத்தால், அதை நம்புகிறவர்களுக்கு நானே சாட்சி ஆகிறேன் இல்லையா? நாளைக்கு வேறொரு வீட்டில் வேறொரு பெண்ணை இதே தும்மலைக் காட்டி வேண்டாம் என்பார்கள், அதற்கு என்ன பதில்? நீங்களே சொல்லுங்கள், இதில் எந்த இடம் தப்பு?

அக்கா முழுக்கக் கேட்டாள். அவள் எப்போதும் முழுக்கக் கேட்பாள். பிறகு, "பாயின்ட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கப்பு உனக்குத்தான். எனக்குக் கப்பு வேண்டாம் மிருது, தும்மல்தான் வேணும்" என்றாள்.

வெங்காயம் உரித்ததால் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வெங்காயத்தால்தான் என்று நினைத்தேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டேன். ஆனால் என் நிபந்தனையில். கைக்குட்டையில் மிளகுப்பொடி மடித்துத் தருகிறேன் என்றாள், மாட்டேன் என்றேன், அது ஏமாற்று. பொய்யாகத் தும்மமாட்டேன். தானாக வந்தால் அடக்கமாட்டேன். "அப்போ இந்தப் பத்து நாளைக்கு அந்த மாத்திரையையாவது நிறுத்து" என்றாள். அதிலும் எனக்கு ஒரு சிக்கல். ஆறு வாரமாக எழுதிவந்த நோட்டு அறுந்துபோகும். மார்கழியில் பெரிய போட்டி இருந்தது. சரி, இரண்டை ஒன்றாகக் குறைக்கிறேன் என்றேன். சாயங்காலம் வேண்டாம், காலையில் மட்டும். ஒரு நடுவழி.

"சரி" என்றாள். அவ்வளவுதான். "சரி மிருது."

நிச்சயம் அன்று காலையும் எட்டு மணிக்கு ஒன்று போட்டேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இது தலைவலி மாத்திரை மாதிரி போட்டவுடன் வேலை செய்கிறது இல்லை. அன்று ஒரு நாள் விட்டிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. இது என் வாதம் இல்லை, எல்லோரும் சொல்வது.

பத்தரைக்கு வந்தார்கள். இருபது பேர். கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. அவர்கள் பக்கம் ஐந்து தட்டு, எங்கள் பக்கம் ஐந்து. வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை, புடவை. அக்கா அரக்குப் பச்சைப் பட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில். நான் அவளுக்கு நேர் எதிரே சுவரோரம். வேண்டுமென்றேதான் அங்கே உட்கார்ந்தேன், ஜன்னலுக்கு அடியில். ஜன்னலுக்கு வெளியே காலி மனை, மனை முழுக்கப் பார்த்தீனியம். என் பங்கை நான் ஒழுங்காகச் செய்தேன், அதைக் கவனியுங்கள்.

அப்பாவும் பெரியப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தட்டைத் தூக்கினார்கள். அக்கா என்னைப் பார்த்தாள்.

வந்தது. நிஜமாகவே வந்தது. மூக்கின் உச்சியில் ஒரு அரிப்பு, கண்ணில் நீர். அடக்கவில்லை. தும்மினேன். கூடமே கேட்கத் தும்மினேன்.

பெரியப்பாவின் கை அப்படியே நின்றது. தட்டு நடுவில் நின்றது. முகம் மாறிப்போனது. அம்மா "ஐயோ" என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. அக்காவின் முகத்தில்... எப்படிச் சொல்வது, ரத்த வங்கியில் பொறுப்புக் கொடுத்த அன்று அவள் அனுப்பின போட்டோ ஒன்று இருக்கிறது. அந்த முகம். மூன்று நொடி இருக்குமா? நான் எண்ணவில்லை.

இரண்டாவது வந்தது.

தும்மிவிட்டேன்.

பெரியப்பா சிரித்துவிட்டார். "அட, ரெட்டைத் தும்மல்! சுபம் சுபம்! யாரு, சின்னப் புள்ளையா? எரநூறு வயசு இரு அம்மிணி. அட, என்ன பாத்துட்டு இருக்கறீங்க, தட்ட மாத்துங்க!" கூடமே கலகலவென்று ஆகிவிட்டது. தட்டு மாறியது. அவர் தட்டிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து என் கையில் கொடுத்தார். நல்ல சகுனம் காட்டின குழந்தைக்கு.

ஆப்பிள் தோலில் அது இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா. அன்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஆப்பிளை வைத்துக்கொண்டு, இதன் தோலில் குவர்செட்டின் இருக்கிறது, தோலைச் சீவாமல் சாப்பிட வேண்டும் என்று. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

நான் பிறகு எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். முழுக்க நிறுத்தியிருந்தால் எட்டு ஒன்பது வந்திருக்கும், "பாவம், சளி பிடிச்சிருக்குது" என்று விட்டிருப்பார்கள். இரண்டு வேளையும் போட்டிருந்தால் ஒன்றோடு நின்றிருக்கலாம், அல்லது வராமலே போயிருக்கலாம். ஒரு வேளை போட்டேன், இரண்டு வந்தது. என் ஆயுளில் இரண்டோடு நின்ற தும்மல் அது ஒன்றுதான். நோட்டிலும் எழுதினேன். தேதி, நேரம், இரண்டு.

என்ன கேட்டீர்கள்?

அடக்க முடியும். இரண்டாவதை அடக்கியிருக்க முடியும். மேலுதட்டில், மூக்குக்குச் சரியாகக் கீழே, ஒரு விரலை வைத்து அழுத்தினால் நிற்கும். மேடைக்காகப் பழகினது. ஆனால் "தானாக வந்தால் அடக்கமாட்டேன்" என்று சொல்லியிருந்தேன் இல்லையா? அதில் எத்தனையாவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இல்லை, நீங்கள் அதைக் கேட்கவில்லை. தெரியும். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். இருபது பேர் நடுவில் "எங்கக்காவுக்கு இஷ்டமில்லைங்க" என்று. நான்கு சொல்கூட வேண்டாம்.

சொல்லியிருக்கலாம். நான் அப்போது மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்கழிப் போட்டி சேலத்தில் நடந்தது. "திருமணத்தில் பெண்ணின் சொல் எடுபடுகிறதா" என்று தலைப்பு. எடுபடவில்லை என்ற அணி. ஏழு நிமிடம் பேசினேன், ஒரு தும்மல் இல்லை. முதல் பரிசு. கைதட்டல் நிற்கவில்லை, நடுவரே எழுந்து நின்றார். அக்காவுக்குப் போட்டோ அனுப்பினேன். "சூப்பர் மிருது" என்று பதில் போட்டாள், ஒரு கோப்பைப் படமும் போட்டாள். தையில் கல்யாணம். பந்தலெல்லாம் மல்லிகை என்றார்கள், எனக்கு வாசம் தெரியவில்லை. மூக்கு அடைப்பெல்லாம் இல்லை. மூச்சு நன்றாகத்தான் வந்தது.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு நான் போனதில்லை. படிப்பு, ஆய்வு. சண்டை எதுவும் இல்லை, நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். வாராவாரம் போனில் பேசுகிறோம். கறவை மாடு நாலுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். ஏ, பி, ஏபி, ஓ. ரத்த வகைகள். கேட்டதும் நான் சிரித்தேன்.

போன வாரம் மாமா கூப்பிட்டார். நவநீதன் மாமா. "மிருது, உங்கக்கா இந்த ஐப்பசியில இருந்து ஒரே தும்மல். பெரியப்பா வெளிய கெளம்பறப்பல்லாம் சரியா வந்துருது. அவரு திரும்பி வந்து தண்ணி குடிச்சு, ஒக்காந்து, மறுக்கா கெளம்பறாரு. நேத்து பேங்குக்குப் போறப்ப மூணு தடவை. இப்ப அவரு கெளம்பற நேரத்துக்கு இவளை மாட்டுக்கொட்டாய்க்குப் போயிருன்னு சொல்லீட்டாங்க. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்குது. நீ என்னமோ வெங்காய மாத்திரை திம்பியாமே, ரெண்டு டப்பா கொண்டாந்து குடேன்."

சரிங்க மாமா என்றேன். போனை அக்காவிடம் கொடுத்தார்.

எப்போதிலிருந்து, காலையிலா சாயங்காலமா, கண் அரிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு தடவைக்கு எத்தனை வருகிறது என்றேன்.

"ஒண்ணுதான் மிருது."

"ஒண்ணா?"

"எனக்கு எப்பவும் ஒத்தத் தும்மல்தான் வருது. எத்தனையோ தரம் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணு, நின்னுக்குது."

சிரித்தாள். "சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும், ஆறு வாரம் ஆகும்" என்று சொன்னேன்.

வேண்டும் என்று அவள் கேட்டாளா என்றா? மாமா கேட்டார். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தும்மல் நின்றால் அவளுக்கு நல்லதுதானே? கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை. இதுவும் ஒரு வாதம். இதற்கு எதிர்வாதமும் என்னிடம் இருக்கிறது. ஆறு வாரத்தில் நின்றுவிடும், பிறகு அந்த வீட்டில் அவள் சத்தம் என்று எதுவும் இருக்காது. இரண்டு பக்கமும் என்னால் ஏழு ஏழு நிமிடம் பேச முடியும்.

குண்டடம் வந்துவிட்டது போலிருக்கிறதே. கண்டக்டர் கூப்பிடுகிறார். காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்கிறீர்களா, பையை எடுத்துக்கொள்கிறேன். அறுவைதான் போட்டேன், ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரைப் பெயர் ஞாபகம் இருக்கட்டும், டாக்டரைக் கேட்காமல்...

நூறு.

நூறு வயசு. உங்களைத்தான். இப்போது தும்மினீர்களே.

இல்லை, உட்காரவில்லை. அதற்காக உட்காரவில்லை. கால் வலிக்கிறது. சகுனமாவது ஒன்றாவது, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தீர்கள், மகரந்தம். யாரோ ஒருத்தர் தும்மினார் என்று பஸ்ஸை விட்டு இறங்காமல் இருக்க நான் என்ன... சும்மா ஒரு நிமிஷம். இந்தப் பை இன்னும் கொஞ்ச நேரம் மடியில் இருக்கட்டும்.

ஏனுங்க கண்டக்டர், தாராபுரத்துக்கே டிக்கெட் குடுத்துருங்க. ஆமாங்க, குண்டடம்னுதான் சொன்னேன். இப்ப எறங்கலைங்க.

உங்களுக்கு இன்னொண்ணு வருதா? கண்ணு கலங்குதே. ஏனுங்க, இங்க பாருங்க, விரலை இங்க வைங்க, மூக்குக்குக் கீழ, நல்லா அழுத்துங்க. விடாதீங்க. பஸ்ஸு நகர்ற வரைக்கும் புடிங்க. ஒண்ணோட நிறுத்திக்குங்க, சாமி. இன்னொண்ணு மட்டும் தும்மிடாதீங்க.